கணினி வேறிடத்தில் இருக்கிறது

கனடாவின் அஜின்கோர்ட்டில் குடிவரவு விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுக்கும் கஸ்பர், போன மாதம் அலுவலகத்தை வேர்ச்சுவல் டெஸ்க்ரொப்புக்கு மாற்றினார். மேசையில் இருப்பது பெயருக்கு ஒரு லப்ரொப். உண்மையான கணினியும் கோப்புகளும் எங்கோ ஒரு தரவு மையத்தில் இருக்கும்; எந்தக் கருவியிலிருந்தும் திறக்கலாம். இவ்வளவு பாதுகாப்பும் போதாதென்று, வெள்ளிக்கிழமை பின்னேரம் கத்தோலிக்கச் சுவாமியாரை அழைத்துவந்து அந்த லப்ரொப்பை மந்திரிப்பித்தார்.

சுவாமியார் தாராளமானவர். தீர்த்தம் விசைப்பலகைக்குள் இறங்கியது. கஸ்பர் அவரைக் கோவிலில் விடக் காரெடுத்துப் போன பிறகு, நாலு இருபதுக்கு, திரை அணைந்தது.

எழுதுவினைஞர் அன்ரனெற்றின் முன்னால் கிளிபோட் இருந்தான். மன்னாரிலிருக்கும் மனைவி ஷாமிலாவைக் கனடாவுக்கு எடுக்க மூன்று வருடமாக அலைகிறவன். கல்யாணம் உண்மையானது என்பதற்கான அத்தாட்சிகளை ஐந்து மணிக்குள் அனுப்பாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி.

"எல்லாம் உதுக்குள்ளயோ இருந்தது, அக்கா?"

"இல்லைத் தம்பி. இதுக்குள்ள ஒண்டுமே இல்லை."

இது அவனுக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

அன்ரனெற் அவனுடைய போனை வாங்கி, அதிலிருந்து தன் டெஸ்க்ரொப்பைத் திறக்கப் பார்த்தாள். அது ஆறு இலக்க எண் கேட்டது. அந்த எண் கஸ்பரின் போனுக்கு மட்டுமே வரும்; அது அவருடைய ஏற்பாடு. அலுவலகப் போனில் அவரை அழைத்தாள். ஓட்டும்போது அவர் போனைத் தொடமாட்டாராம், சுவாமியாரே வாசித்தார். ஒவ்வோர் இலக்கத்துக்கும் இடைவெளி விட்டு, பூசை வாசகம் வாசிப்பதுபோல. ஐந்தாவதில் எண் காலாவதியானது.

"சுவாமி, கொஞ்சம் கெதியா வாசியுங்கோ," என்றாள். ஞானஸ்நானம் பெற்ற நாள் முதல் அவள் எந்தச் சுவாமியாரிடமும் அப்படிச் சொன்னதில்லை.

இரண்டாவது எண்ணுக்குத் திறந்தது. அரை வசனத்தில் நின்ற கடிதம் அதே அரை வசனத்தில் நின்றது. அதை முடித்து, எண்பத்திநாலு கல்யாணப் படங்களையும் அரசாங்கத் தளத்தில் ஏற்றத் தொடங்கியபோது திரையை மூடிக்கொண்டு ஷாமிலாவின் அழைப்பு வந்தது. கிளிபோட் துண்டித்தான். மறுபடி அழைத்தாள். இம்முறை டெஸ்க்ரொப்பின் இணைப்பும் அறுந்தது. மறுபடி நுழைந்து பார்த்தால், படங்கள் தம்பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தன. வேலை நடப்பது போனில் அல்லவே, தரவு மையத்தில். ஐம்பத்திரண்டு. ஐம்பத்திமூன்று.

"நாலாந்தரம் கட் பண்ணுறன், அக்கா. அவள் பயந்துபோவாள்."

"பயப்படட்டும். இன்னும் ஒன்பது நிமிசம்தான் கிடக்கு."

நாலு ஐம்பத்தேழுக்கு, கிடைத்துவிட்டதாக அரசாங்கத் தளம் உறுதி எண் தந்தது. அன்ரனெற் போனைத் திருப்பிக் கொடுத்தாள். மன்னாரில் அதிகாலை இரண்டரை மணி. முதல் மணியிலேயே ஷாமிலா எடுத்தாள்.

"அனுப்பினது போட்டுதோ?"

"ஓம், போட்டுது."

"பின்ன ஏன் என்ர கோலைக் கட் பண்ணிக்கொண்டு இருந்தனீங்கள்?"

கிளிபோட் போனை அன்ரனெற்றிடம் நீட்டினான்.