சரியா இருக்கா, தங்கம்?

என் வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. எதிரில் நிற்கிறவன் சொல்வதை அப்படியே நம்பிவிடுவார். வாடகைக்கு வீடு பார்த்த காலத்தில், "தண்ணி இருபத்துநாலு மணி நேரமும் வரும்" என்று தரகர் சொன்னாராம். இவர் குழாயைத் திறந்துகூடப் பார்க்காமல் தலையாட்டிவிட்டு வந்தார். அந்த வீட்டில் எட்டு வருஷம் குடம் தூக்கியவள் நான். ஆகையால் இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஒரு பெயிண்ட் கடை. சின்னது. ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே வந்தாக வேண்டும். பக்கத்துத் தெருவில் பெரிய கடை வந்தது. அட்டையைக் காட்டினால் தானே கலர் கலந்து தரும் மிஷினும் வந்தது. அப்படியும் எங்கள் கடையை மூடாமல் காப்பாற்றியது இவருடைய கண்தான். சுவரில் ஒரு மூலை மட்டும் உரிந்து போயிருக்கும். முழுச் சுவருக்கும் அடிக்க வசதியில்லாதவர்கள் அதிலிருந்து ஒரு பொருக்கைப் பெயர்த்துக் காகிதத்தில் மடித்து எடுத்து வருவார்கள். இவர் அதை வாசல் வெளிச்சத்தில் ஒரு தடவை திருப்பிப் பார்ப்பார். வெள்ளையில் இரண்டு கரண்டி மஞ்சள், குச்சி முனையில் தொட்டுக் கொஞ்சம் கறுப்பு, அவ்வளவுதான். அடித்துக் காய்ந்தபின் ஒட்டுப்போட்ட இடம் எது என்று வீட்டுக்குச் சொந்தக்காரருக்கே தெரியாது. மிஷினுக்கு இந்த வேலை வராது. அந்தக் கண் இருக்கிற வரைக்கும்தான் எங்களுக்குச் சோறு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருவன் வேலைக்கு வந்தான். இருபத்திரண்டு வயசு, படிய வாரிய தலை, எதைச் சொன்னாலும் "சூப்பர் முதலாளி!" வந்த மூன்றாம் நாளே இவர் அவனைத் "தங்கம்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆகிறது, என்னை ஒரு பித்தளை என்றுகூட அவர் சொன்னதில்லை.

போகப் போக ஒரு புதுப் பழக்கம் வந்தது. கலந்து முடித்ததும் குச்சியைத் தூக்கிப் பிடித்து, "சரியா இருக்கா, தங்கம்?" என்பார். அவன் பார்த்துவிட்டு, "அச்சு அசல் முதலாளி" என்பான். அதற்கப்புறம்தான் டின்னை மூடுவார். கடைக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் இந்தக் கொஞ்சலைப் பார்த்து எனக்கு வயிறு எரியும்.

"ஏங்க, முப்பது வருஷமா கலக்குறீங்க. நேத்து வந்தவன்கிட்ட என்ன கேள்வி?"

"சின்ன வயசு, கண்ணு கூர்மையா இருக்கும். ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவேன்?"

"என்கிட்ட ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

"உன்கிட்ட கேட்டா, சுவரையே மாத்துன்னு சொல்லுவ."

அதில் கொஞ்சம் உண்மை இருந்ததால் நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

பிறகு கடையில் கூட்டம் குறைய ஆரம்பித்தது. காலையில் வாசலில் நின்று அரட்டை அடிக்கும் பெயிண்டர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். ஒரு டீச்சரம்மா வந்து, "படுக்கையறைச் சுவர்ல டீ கொட்டின மாதிரி இருக்கு" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். "காய்ஞ்சா சரியாகிடும்" என்றார் இவர். அது காய்ந்து பத்து நாள் ஆகியிருந்தது. கேட்டால், "இப்ப வேலை மந்தம். எல்லாக் கடையிலயும் இப்படித்தான்" என்பார். பக்கத்துத் தெருக் கடையில் வண்டி நிறுத்த இடமில்லை என்பது எனக்கல்லவா தெரியும்!

ஒரு நாள் மத்தியானம் பெயிண்டர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஆள் உயரம், அதனால் எல்லோருக்கும் அவர் "ஏணி". எங்கள் கடையிலேயே வாங்கி வளர்ந்தவர். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். இன்னொரு தம்ளர் கேட்டார். அதையும் குடித்தார்.

"என்னப்பா, தண்ணி குடிக்கவா இவ்வளவு தூரம் வந்த?" என்றேன்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணனுக்குக் கண்ணு தெரியலையாமே?"

"யார் சொன்னது?"

"உங்க தங்கம்தான். ஒன்றரை வருஷமா அண்ணனுக்கு வெள்ளைக்கும் இளமஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியலையாம். 'நீதான்டா இனிமே என் கண்ணு, யார்கிட்டயும் சொல்லாதே'ன்னு அண்ணன் அவன் கையைப் பிடிச்சுக் கேட்டாராம். அதையே சொல்லிச் சொல்லி எல்லாரையும் மிஷின் கடைக்கு அனுப்பறான். இந்தக் கடையை மூடினதும் அங்க அவனுக்கு மேனேஜர் வேலையாம்."

"அப்ப அவன் சரின்னு சொல்ற கலரெல்லாம்?"

"வேணும்னேதான் அண்ணி. போன வாரம் நானே பார்த்தேன். மஞ்சள் எக்கச்சக்கம். 'அச்சு அசல் முதலாளி'ங்கறான்."

ஏணி போன பிறகு நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் மட்டும் என்ன, அடையாளம் இல்லாமலா இருந்தது? ஒரு கல்யாணத்துக்குக் காலில் ஒன்று கறுப்பும் மற்றது நீலமுமாகச் சாக்ஸ் போட்டுக்கொண்டு கிளம்பினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார்.

மறுநாள் காலையில் சமையலறைச் சுவரில் கரண்டிக் காம்பால் ஒரு பொருக்கைப் பெயர்த்தேன். நல்ல பால் வெள்ளை. கடைக்குப் போய் அவர் கையில் கொடுத்தேன்.

"நம்ம சுவருக்குத்தான். இதே மாதிரி வேணும்."

அவர் வாசலுக்குப் போனார். பொருக்கை மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். இத்தனை நாள் அவர் எப்படிப் பார்க்கிறார் என்பதை நான் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. வெள்ளையை ஊற்றினார், மஞ்சளை ஒரு கரண்டி விட்டார், யோசித்தார், இன்னொரு கரண்டி விட்டார். கலக்கிக் குச்சியைத் தூக்கினார்.

"சரியா இருக்கா, தங்கம்?"

"அச்சு அசல் முதலாளி!"

நான் அந்தக் குச்சியை வாங்கி ஓர் அட்டையில் தீற்றினேன். பக்கத்தில் பொருக்கை வைத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். ஒன்று பால், ஒன்று எலுமிச்சம்பழம்.

"நல்லா பார்த்துச் சொல்லு. இது ரெண்டும் ஒண்ணா?"

அவன் அட்டையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். விஷயம் வெளியே வந்துவிட்டது என்று புரிந்ததும் அந்தப் படிய வாரிய தலைக்குள்ளிருந்து வேறு ஓர் ஆள் பேசினான்.

"முதலாளிக்கு ஒண்ணாத்தானே தெரியுது. அப்புறம் என்ன அக்கா?"

நான் கையை ஓங்கிவிட்டேன். இவர் நடுவில் வந்து நின்றார்.

"எத்தனை பேர் வீட்டுச் சுவர்டா?" என்று அவனைக் கேட்டார். அதட்டவில்லை. கணக்குத் தெரிந்தால் ஒவ்வொரு வீடாகப் போய் மறுபடி அடித்துக் கொடுத்துவிடலாம் என்பது போலக் கேட்டார். அவன் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினான்.

"போயிட்டு வா" என்றார் இவர்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. முதுகில் குத்தியவனுக்கும் மரியாதையாக வழியனுப்பு! "போ. வராதே" என்று நான் திருத்தி அனுப்பினேன்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவர் எதிரில் ஒரு டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். அவனைத் திட்டவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"அவன்கிட்ட சொல்லத் தெரிஞ்சது. என்கிட்ட சொல்லத் தெரியலையா?"

அவர் கையில் ஒட்டியிருந்த பெயிண்டைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உன்கிட்ட சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போயிருப்பேன்."

"அதான்." குரல் தாழ்ந்துவிட்டது. "எங்க அண்ணனுக்கு ஆபரேஷன்லதான் இருந்த கண்ணும் போச்சு. பயமா இருந்தது. என்னை என் போக்குல விட்டுடற ஆள் ஒருத்தன் வேணும்னு தோணிச்சு. இவன் ஆஸ்பத்திரின்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டான்னு நம்பினேன். அந்த ஒரு விஷயத்துல அவன் என்னை ஏமாத்தல."

இருபத்தாறு வருஷத்தில் இந்த மனுஷனை நான் எத்தனை திட்டியிருப்பேன்! அன்றைக்கு ஒரு திட்டுக்கூட வாயில் வரவில்லை. போனை எடுத்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார்கள். அவரிடம் சொன்னேன்.

"நீயும் உள்ள வருவியா?" என்றார்.

"வருவேன்."

"கண்ணு திரும்பக் கிடைக்குமா?"

"கிடைக்கும்" என்றேன், ஏதோ எல்லாம் தெரிந்தவள் மாதிரி. மூக்கை ஒரு தடவை உறிஞ்சினேன். அவர் தலையைச் சாய்த்து என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"அழறியா?"

கன்னமெல்லாம் ஈரம். துடைக்கக்கூட இல்லை.

"இல்லைங்க."

"சரி" என்றார். நம்பிவிட்டார்.