ஆறு இன்ஜெக்டர், பன்னிரண்டு வாஷர்

ஹாரன் சாக்கை மேசைமேல் வைத்தார். உள்ளேயிருந்து ஒரு பிஸ்டனை எடுத்து என் பக்கம் தள்ளினார். அதன் தலையில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

"பாத்துக்கோ தங்கச்சி."

அவருடைய பேருந்தில் ஹாரன் வேலை செய்து பல வருடம் ஆகிறது. தலையை வெளியே நீட்டிக் கத்துவார். பெயர் அப்படி வந்தது.

"நீங்க மாட்டிக் குடுத்துப் பதினஞ்சு நாள் ஓடிச்சு. மொதல்ல கரும்புகை. அப்புறம் உள்ள இடி. நேத்து மேட்டுல பாதியில நின்னுடுச்சு. நாப்பது பேர எறக்கி விட்டுட்டு வந்தேன்."

சாக்கிலிருந்து ஒரு கம்பியை எடுத்தார். அதில் ஆறு காகிதங்கள் கோத்திருந்தன.

"இது உன் பேப்பர்தானே?"

என்னுடையதுதான். டீசலை எஞ்சினுக்குள் தூவும் இன்ஜெக்டரைச் சோதிக்கும் மேசை என் வேலை. ஒவ்வொன்றையும் கைப்பம்பில் மாட்டி, அழுத்தம் பார்த்து, கடைசியில் ஒரு காகிதத்தை அடியில் நான்கு விரல் தள்ளிப் பிடித்து ஒருமுறை அடிப்பேன். ஐந்து துளைக்கு ஐந்து பொட்டு விழும். டீசல் காய்வதற்குள் பொட்டுகளைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து, தேதி போட்டுக் கையெழுத்திடுவேன். இந்தத் தெருவில் யாரும் இப்படிச் செய்வதில்லை. ஓட்டுநர்கள் பேப்பர் இருக்கிறதா என்று கேட்டுத்தான் சரக்கை வாங்குவார்கள்.

நான் வாய் திறப்பதற்குள் அக்கா பேசினாள். இன்ஜெக்டரை எஞ்சினில் மாட்டுவது அவள் வேலை. கடை எங்கள் இருவருக்கும் பொது.

"அவளும் மனுஷிதானேண்ணே. அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் வேற. கண்ணு தப்பியிருக்கும்."

என் தோளில் கை வைத்துச் சொன்னாள். காய்ச்சல் இருந்தது உண்மை.

"கண்ணு தப்பட்டும், காது தப்பட்டும். என்கிட்ட இருக்கறது அந்த ஒரு வண்டி." ஹாரன் எழுந்தார். "டீ குடிச்சிட்டு வர்றேன். என்ன ஆச்சுன்னு நீ சொல்லு. நீ சொன்னா கேட்டுக்கறேன்."

அக்கா பின்கட்டுக்குப் போனாள். நான் அவர் சாக்கிலிருந்த முதல் இன்ஜெக்டரைத் துடைத்துப் பம்பில் மாட்டினேன். காய்ச்சலோடு வேலை செய்திருக்கக் கூடாது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அழுத்தம் சரியாக இருந்தது. கரகரவென்ற சத்தமும் சரி. சொட்டவில்லை. புகை போல மெல்லிய தூவல்.

இரண்டாவதும் அப்படியே. ஆறும் அப்படியே.

காகிதம் பிடித்து அடித்தேன். ஐந்து பொட்டு. பழைய காகிதத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். பழைய வட்டம் பெரியது. புதியது அதற்குள் அடங்கியது.

பூதக்கண்ணாடியில், துளைகள் இருக்கும் முனையான நாசிலின் எண்ணைப் பார்த்தேன். நான் சோதித்த எண் இல்லை. இது வேறு எஞ்சினின் நாசில்.

பிஸ்டன் தலையில் ஒரு குழி இருக்கும். டீசல் அந்தக் குழியின் சுவரில் போய் விழ வேண்டும். காற்று சுழலும் இடம் அது. புது எஞ்சின்களில் அழுத்தமே பாதி வேலையைச் செய்துவிடும். பழைய எஞ்சினில் அழுத்தம் குறைவு, திசைதான் எல்லாம். தூவல் விரியும் குடை சுருங்கினால் டீசல் குழியின் தரையில் விழும். எரியாதது கரும்புகை. எரிவது பிஸ்டனிலேயே எரிந்து அதை ஓட்டையாக்கும்.

"அக்கா, இது நான் பாத்த செட் இல்ல."

அவள் எட்டிப் பார்த்தாள். "அப்படியா? டப்பா மாறியிருக்கும்டி."

மாறியிருக்கலாம். இரண்டு டப்பாவும் ஒரே நிறம். எனக்கு மூச்சு வந்தது. அவளும் தவறு செய்வாள்தானே. ஹாரனிடம் இருவருமாகச் சொல்லிவிடலாம்.

இன்ஜெக்டர்களைத் திரும்பச் சாக்கில் வைக்கும்போதுதான் ஒன்றின் அடியில் ஒட்டியிருந்த செப்பு வளையத்தை, வாஷரை, கவனித்தேன். தடிமனாக இருந்தது. கத்தி முனையால் நெம்பினேன். இரண்டாகப் பிரிந்தது.

ஓர் இன்ஜெக்டருக்கு ஒரு வாஷர். அதுதான் கணக்கு. ஆறிலிருந்தும் பன்னிரண்டு வந்தது.

டப்பா மாறியது தெரியாதவள் ஒன்றுதான் போடுவாள். குடை சிறியது என்று தெரிந்தவள்தான், நாசிலை மேலே தூக்கினால் டீசல் தரைக்குப் பதில் சுவரில் படும் என்று இன்னொன்று போடுவாள். பட்டும் படாமலும் பதினைந்து நாள் ஓடியிருக்கிறது.

பன்னிரண்டையும் அக்காவின் முன்னால் வைத்தேன். அவள் அவற்றையே பார்த்தாள்.

"டெப்போக்காரன் அவசரம்னு நின்னான். ஊருக்கே சரியான செட் ஒண்ணுதான் இருந்துச்சு. அவனுக்குக் குடுத்துட்டேன். புதுசு வந்ததும் ஹாரனுக்கு மாத்திடலாம்னு இருந்தேன்."

"என் பேப்பர ஏன் வெச்ச?"

"பேப்பர் இல்லாம அந்த ஆள் வண்டிய எடுப்பானா?"

"காய்ச்சல்னு சொன்னியே."

"உன்ன மன்னிச்சிடுவான்டி. தங்கச்சி தங்கச்சின்னு உருகறான். என்ன மன்னிப்பானா? நீ ஒரு வார்த்தை ஆமான்னு சொல்லிடு, முடிஞ்சுது."

ஹாரன் வாசலில் நின்றார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை.

இரண்டு காகிதங்களையும் வெளிச்சத்தில் காட்டினேன். வாஷர்களைக் காட்டினேன். நாசில் வேறு, தெரிந்தே மாட்டியது என்றேன். யார் என்று சொல்லவில்லை. மாட்டுவது யார் என்று அவருக்குத் தெரியும்.

அவர் அக்காவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"அப்போ உன் பேப்பர வெச்சு நான் என்ன பண்றது? நாக்கு வழிக்கவா?"

"அண்ணே, நான்..."

"நீ நல்லவதான். ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே கடைதானே தங்கச்சி."

சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு தெருக்கோடியிலிருந்த வேறொரு இன்ஜெக்டர் கடையை நோக்கிப் போனார்.

"போதுமா? வீட்டு விஷயத்த வீதியில போட்டாச்சு. இப்ப நிம்மதியா?" என்றாள் அக்கா.

இரட்டை வாஷர் போடும் வேலையை அவள் சுலபமாகச் செய்திருந்தாள். எவ்வளவு தடிமன் வேண்டும் என்பது அவள் கைக்குப் பழகியிருந்தது. முதல்முறை செய்பவள் அப்படிச் செய்ய மாட்டாள்.

"எத்தன வண்டி?"

"என்னது?"

"இது மாதிரி எத்தன வண்டி போயிருக்கு?"

அவள் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு நகர்ந்தது. ஒரு கை முடிந்தது. நிற்கவில்லை.

வாடிக்கையாளர்களின் வண்டி எண்ணும் போன் எண்ணும் எழுதிய நோட்டை எடுத்து மேசைமேல் விரித்தேன்.

"சொல்லு. ஒவ்வொண்ணா. ஓட்ட வேண்டாம்னு சொல்லணும்."

"பைத்தியமாடி உனக்கு? யாரு பண்ணதுன்னு கேட்டா யாரச் சொல்லுவ?"

"பேப்பர்ல யார் பேர் இருக்கு?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு வண்டியின் எண்ணைச் சொன்னாள்.

நான் போனை எடுத்தேன். மறுமுனையில் எடுத்தவர் என் குரலைக் கேட்டதும் உற்சாகமாகச் சொன்னார்: "சொல்லும்மா தங்கச்சி."