பேன் தலை

"அண்ணா, என் பேன் தலை எங்க?" என்று அவள், குழந்தைகளைப் படமெடுக்கும் அறையிலிருந்து குரல் கொடுத்ததும், மெத்தையருகே உட்கார்ந்திருந்த புதுத்தாய் விருட்டென்று நிமிர்ந்தாள். "எங்க வீட்ல யாருக்கும் பேன் கிடையாதுங்க" என்றாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

வேறொரு நாளாக இருந்தால் அவள் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள். டிரைபாடின் உச்சியில் கேமராவைத் தாங்குகிற பாகத்துக்கு, அண்ணனும் அவளும் நடத்துகிற அந்த ஸ்டூடியோவில் தலை என்றுதான் பெயர். அவளுடையது மூன்று கைப்பிடி வைத்தது, ஆங்கிலத்தில் பேன் ஹெட். அதைப் பேன் தலை ஆக்கியது அண்ணனின் கேலி. இன்று டிரைபாடின் மேல் அது இல்லை. உருண்டை ஒன்றை வயிற்றுக்குள் அடக்கிக்கொண்டு, பளபளவென்று புதிதாக ஏதோ உட்கார்ந்திருந்தது.

அண்ணன் கல்யாணங்களில் படமெடுக்கிறவன். மேடைக்கும் வாசலுக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் ஓடுகிறவனுக்கு, ஒரே திருகைத் தளர்த்தினால் எந்தப் பக்கமும் திரும்புகிற உருண்டைத் தலை தோதுதான், அதை அவள் மறுக்கவில்லை. அவளோ கண்கூட சரியாகத் திறக்காத சிசுக்களுக்கு நேர் மேலே கேமராவைக் குப்புறத் தொங்கவிடுகிறவள். பேன் தலையில் முன்சாய்வுக்கு ஒரு பிடி, பக்கச்சாய்வுக்கு ஒரு பிடி, சுற்றுவதற்கு ஒரு பிடி. ஒன்றைத் தளர்த்தினால் மற்ற இரண்டும் அசையாமல் நிற்கும். பார்க்க லட்சணமில்லை, தூக்கினால் கை கழன்றுவிடும். ஆனாலும் தூங்குகிற பிள்ளையின் மூக்குக்கு மேலே வேறு எதையும் அவள் நம்பத் தயாராக இல்லை. இதைத் தொண்டைத் தண்ணீர் வற்ற அண்ணனிடம் சொல்லியும் இருக்கிறாள்.

அவன் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தான். "அதக் கடையில குடுத்துட்டு இத வாங்கிட்டேன். இப்ப எல்லாரும் இதுதான் வச்சிருக்காங்க. நல்லா இறுக்கிக்கோ, ஒண்ணும் ஆகாது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"இதுக்கெல்லாம் பஞ்சாயத்தா கூட்டுவாங்க? கஸ்டமர் முன்னாடி ஆரம்பிக்காத."

கஸ்டமர் என்ற அந்த ஒரு சொல்லுக்கு அவள் வாயை மூடிக்கொண்டாள். எப்போதும் அப்படித்தான், அவளுடைய அறைக்கு என்ன வேண்டும் என்று தீர்மானிக்கிறவன் அந்த அறையில் ஒரு படம்கூட எடுத்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருகை இறுக்கினாள்.

முதலில் நன்றாகத்தான் வந்தது. பிறகு குழந்தை காலை நீட்டியது. கேமராவைத் துளி முன்னால் சாய்க்க வேண்டும், அவ்வளவுதான். கை பழக்கதோஷத்தில் திருகைத் தளர்த்தியது. பேன் தலையாக இருந்தால் அந்தத் துளிதான் சாய்ந்திருக்கும். இதுவோ மொத்தமாகத் தொபுக்கென்று விழுந்தது. பாரம் ஒரு பக்கம் போகவே டிரைபாடும் சேர்ந்து கவிழ்ந்தது. அவள் கையைக் குறுக்கே நீட்டியதால் லென்ஸ் முழங்கையில் இடித்து நின்றது. கீழே அந்தப் பிள்ளை வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

தாய் கத்தவில்லை. பிள்ளையை அள்ளிக்கொண்டாள், செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டாள்.

சத்தம் கேட்டு ஓடி வந்த அண்ணன் முதலில் லென்ஸைத்தான் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நல்லவேளை, கீறல் இல்ல" என்றான். அப்புறம் நினைவு வந்தவனாக, "குழந்தைக்கும் ஒண்ணும் ஆகலையே?"

அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை பற்றிக்கொண்டு வந்தது. 'குழந்தைக்கும்' என்றானே, அந்த 'உம்'மைத்தான் அவளால் தாங்கவே முடியவில்லை.

"படு" என்றாள்.

"என்னது?"

"மெத்தையில படு. அந்தக் குழந்தை கெடந்த எடத்துல."

"விளையாடுறியா?"

"ஒண்ணும் ஆகாதுன்னு நீதான சொன்ன? படு!"

இந்தக் குரலை அவன் கேட்டதில்லை. இளித்துக்கொண்டே படுத்தான், அந்தச் சின்ன மெத்தை அவன் முதுகுக்கே போதவில்லை. வலிக்கிற கையோடு அவள் டிரைபாடை நிமிர்த்தினாள், கேமராவை மாட்டினாள், லென்ஸை அவன் மூக்குக்கு நேரே குப்புறத் திருப்பினாள். திருகின்மேல் விரல்களை வைத்தாள். இளிப்பு நின்றது.

"கெட்டியாப் பிடிச்சிருக்கல்ல?" என்றான்.

அவள் அவன் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், பிடிச்சிருக்கியா இல்லையா?"

வெளியே வரவேற்பறையில் அடுத்த குழந்தை வந்து அழத் தொடங்கியிருந்தது. அவன் எழுந்திருக்கவில்லை. கண்களை இறுக மூடி, இரண்டு கைகளையும் மெல்ல முகத்துக்கு மேலே விரித்துக்கொண்டான். அவள் விரல்கள் திருகின்மேலேயே இருந்தன.