வெந்நீர் அடுப்பில் போன செடி

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் ஒரு செடியைக் கொன்றதால் வந்த கதை இது. செகந்திராபாத் பக்கம் குஷாய்குடாவில் என் வீட்டு வாசலில் ரஷ்யன் சேஜ் வைத்திருந்தேன். ஊதாப் பூ, தண்ணீர் அதிகம் கேட்காது. ஜனவரியில் வெறும் குச்சியாக நின்றது. செத்துப்போச்சு என்று பிடுங்கிக் குப்பை வண்டியில் போட்டேன். நர்சரிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். குளிர்காலத்தில் அது அப்படித்தான் தூங்குமாம்.

அந்தப் பாவம் தீர, செடியைப் பிழைக்கவைக்கும் ஒருத்தியை எழுத உட்கார்ந்தேன்.

2

1931. நிஜாம் ராஜ்ஜியத்தின் மாலைச் சூரியன் மௌலா அலிக் குன்றின் மேல்—

சூரியன் கிடக்கட்டும், விடுங்கள்.

கனகம் செகந்திராபாத்தில் லாலாகூடா ரயில்வே குடியிருப்பில் இருந்தாள். கணவன் சாரங்கபாணி ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். தம்பி பாலச்சந்திரனுக்கு வடமேற்கே மலை சூழ்ந்த குவெட்டாவில் ரயில்வே வேலை. லீவில் வந்தபோது, அந்த மலையில் முளைக்கும் இந்தச் செடியை பிஸ்கட் டின்னில் கொண்டுவந்து கொல்லையில் நட்டான்.

"தண்ணி ஊத்தியே கொன்னுடாதேக்கா. பனிக்காலத்துல காஞ்ச மாதிரி நிக்கும், பிடுங்கிடாதே. அடுத்த லீவுல வந்து பூவைப் பாக்கறேன்."

(ரஷ்யன் சேஜ் என்ற பெயர் இருவருக்கும் தெரியாது. அவளுக்கு அது பாலு செடி.)

குழியில் செங்கல் ஜல்லியும் மணலும் போட்டாள். மழைக்காலத்தில் தகரம் சாய்த்து மூடினாள். இரண்டு வருஷம் பொத்திப் பொத்தி வளர்த்தாள். அவனுக்குத்தான் லீவு கிடைக்கவில்லை.

மார்கழியில் பக்கத்து வீட்டுக்கு அன்னக்கிளி குடிவந்தாள். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள், நல்ல மனுஷி. பாலு செடியின் காய்ந்த குச்சிகளுக்கு உயிர் இருக்கிறது என்று கனகம் அவளிடம் சொல்லும் வரி ஒன்று இங்கே இருந்தது. கதை இழுக்கிறதே என்று அடித்துவிட்டேன்.

3

தை பிறந்து நாலாம் நாள், சாரங்கபாணி வேலை நேரத்தில் வீட்டுக்கு வந்தான். கையில் தந்தி. குவெட்டாவில் நிமோனியா கண்டு பாலச்சந்திரன் இறந்துவிட்டான்.

கனகம் அழவில்லை. திக்பிரமை பிடித்தவளாகக் கிணற்றடிக்கு நடந்தாள். சாவுச் செய்தி கேட்டால் தலை முழுக வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

அன்னக்கிளி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "பச்சைத் தண்ணி நக்கோ, வேணாம் கனகம். மூணு நாளாக் காய்ச்சல்ல கிடந்த உடம்பு. நீ உள்ள உக்காரு, நான் காயவெச்சுத் தரேன்."

(காய்ச்சலைக் கொடுத்தது நான்தான். அன்னக்கிளியின் நல்ல மனசு தெரியட்டும் என்று.)

சரி, அடுப்பு மூட்ட விறகு? அந்த வீட்டில் நான் விறகு வைக்கவில்லை. கை தன் போக்கில் எழுதிக்கொண்டே போனது: 'கொல்லையில் காய்ந்து நின்ற குச்சிகளை அன்னக்கிளி அள்ளிக்கொண்டு வந்து...'

ஐயோ. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். சத்தியமாக நான் இதை நினைக்கவில்லை.

4

அந்த வரியை அடித்துப் பார்த்தேன். வரட்டி, கரி, பழைய நாற்காலிக் கால் என்று ஒவ்வொன்றாக அடுப்பில் வைத்தேன். ஒன்றும் நிற்கவில்லை. அவசரத்தில் ஓடிவந்தவள் கைக்கு எட்டினதைத்தானே எடுப்பாள்?

முதல் சொம்பு தலையில் விழுந்தது. அப்போதுதான் அடுப்புப் புகை குளியலறைக்குள் வந்தது. கற்பூரமும் ஓமமும் கலந்த மாதிரி ஒரு வாசனை. கனகத்துக்குப் பழக்கமான வாசனை, இலையைத் தொட்டால் விரலில் அன்று முழுக்க நிற்கும்.

சொம்பு கையிலிருந்து விழுந்தது. தம்பி இனி வரமாட்டான் என்பது தந்தியைப் பார்த்தபோதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. இப்போது உறைத்தது.

ஈரப் புடவையோடு வெளியே வந்தாள்.

"அன்னம், வெட்டினியா, பிடுங்கினியா?"

"என்னது?"

"அடுப்புல வெச்சியே, அந்தச் செடி. அருவாளால வெட்டினியா, வேரோட பிடுங்கினியா?"

5

தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டியிருந்தால் கவலையே இல்லை. தை மாதத்தில் அதை அப்படி வெட்டத்தான் வேண்டுமாம், பங்குனியில் துளிர்த்துவிடும். பிடுங்கியிருந்தால் அந்த வீட்டில் பாலு என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

இரண்டு பதிலையும் எழுதி வைத்திருக்கிறேன். முதலாவதைக் கொடுக்க எனக்கு யோக்கியதை இல்லை, என் செடியைப் பிடுங்கியவள் நான். இரண்டாவதைக் கொடுக்க மனசு வரவில்லை.

அன்னக்கிளி பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டாள். அவள் சொல்லப்போவதை நீங்களே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். காய்ச்சல்காரி ஈரத்தோடு நிற்கிறாள்.