பழைய கேமின் மேல் போட்ட பழி

சர்வீஸ் கடையிலிருந்து கம்ப்யூட்டர் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமையே கோளாறு தெரிந்துவிட்டது. செல்வகுமாரி தன் ரயில் விளையாட்டைத் திறந்தாள். தண்டவாளம் இருக்கவேண்டிய இடத்தில் ஊதா நிறத்தில் கட்டம் கட்டமாக ஏதோ மினுங்கியது. மலைகள் பாதி தெரிந்தன, பாதி கறுப்பாக இருந்தன. பத்தாவது நிமிடம் விளையாட்டு தானாகவே மூடிக்கொண்டது.

அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. திருபுவனையில் மின்சார சுவிட்ச் செய்யும் கம்பெனியில் பரிசோதனைப் பிரிவில் வேலை. வாரத்தில் ஆறு நாள் பஸ் பிடித்து ஓடுபவள், ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம் மட்டும் அந்த விளையாட்டில் உட்காருவாள். இருபது வருடத்துக்கு முன்னால் வந்த விளையாட்டு. ஊருக்கு ஊர் தண்டவாளம் போட்டு, நெல்லும் நிலக்கரியும் ஏற்றி அனுப்பவேண்டும். அவள் போட்ட பாதைகள் மட்டும் நூற்றுப் பதினாறு இருந்தன.

மின்னழுத்தம் ஏறி பவர் சப்ளை கருகியதால்தான் கம்ப்யூட்டரை வில்லியனூரில் நவநீதன் கடைக்குக் கொடுத்தார்கள். அவனுக்கே போன் போட்டாள்.

"அக்கா, அது ஆதி காலத்து கேமு. புது விண்டோஸ்ல அப்பிடித்தான் இருக்கும். அத்த தூக்கிப் போட்டுட்டு செல்லுல எதுனா வெளாடுங்க" என்றான் அவன். சிரித்தான். "இந்த வயசுல உங்களுக்கு இன்னாத்துக்குக்கா கேமு?"

பக்கத்தில் இருந்த கணவன் அரங்கநாதனும் சிரித்தார். கரிக்கலாம்பாக்கத்தில் இரண்டு காணி கரும்பு வைத்திருப்பவர். "அவன் சொல்றதும் நாயந்தான? பழசாப் பூடுச்சு, வுட்டுடேன்."

சுருக்கென்றது அவளுக்கு. விண்டோஸ் போன மாதமும் இதேதான். விளையாட்டும் இதேதான். போன மாதம் ஓடியது இந்த மாதம் எப்படிப் பழசாகும்?

கம்பெனியில் ஒரு சுவிட்ச் வேலை செய்யாவிட்டால் அவள் எப்படிப் பார்ப்பாளோ அப்படியே பார்த்தாள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றியதை நோட்டில் எழுதுவது. விளையாட்டைப் பழைய விண்டோஸில் ஓடுவதுபோல ஓடும்படி மாற்றினாள். திரையின் அளவைக் குறைத்தாள். நிறங்களின் எண்ணிக்கையைக் குறைத்தாள். விளையாட்டை அழித்துவிட்டு, பாதைகளைப் பத்திரமாக எடுத்துவைத்து, மறுபடி ஏற்றினாள். திரையை ஓட்டும் டிரைவர் மென்பொருளைப் புதிதாகப் போட்டாள். மூன்று ஞாயிறு இதிலேயே போனது. ஒவ்வொரு தடவையும் அதே ஊதாக் கட்டம், அதே பத்து நிமிடம்.

நான்காவது ஞாயிறு வேறு ஒரு புது விளையாட்டைப் போட்டுப் பார்த்தாள். அதிலும் ஊதாக் கட்டம் வந்தது.

அப்படியென்றால் விளையாட்டின் மேல் குற்றமில்லை. படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு எதுவென்று கம்ப்யூட்டரிலேயே பார்த்தாள். வேறு பெயர் வந்தது. அவள் வாங்கியது இரண்டு ஜிபி. இதில் ஒரு ஜிபி என்றிருந்தது. பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். சிவப்பு விசிறி வைத்த கார்டு அங்கே இல்லை. யாருடைய கம்ப்யூட்டரிலோ தூசி தின்று கிடந்த ஒரு கறுப்புக் கார்டு இருந்தது.

மூடியைத் திருப்பி மாட்டினாள்.

"என்னாங்க, வண்டிய எடுங்க" என்றாள். "இப்பவே."

கடையில் நவநீதன் இருந்தான். கல்லாவில் அனுப்பிரியா என்ற பெண் இருந்தாள். பெட்டியை மேசைமேல் வைத்து, செல்வகுமாரி விஷயத்தைச் சொன்னாள். நவநீதன் அவளைப் பார்க்காமல் அரங்கநாதனிடம் பேசினான்.

"அண்ணே, நீங்க குடுத்தப்ப இன்னா இருந்துச்சோ அதான் உள்ள இருக்குது. அக்காவுக்கு வெவரம் தெரியல. கேமு பழசு."

"என்னாண்ட பேசுப்பா" என்றாள் செல்வகுமாரி. "மெஷின் என்னுது."

"அக்கா, சத்தம் போடாதீங்க. கஸ்டமரு வர்ற எடம்."

அவள் பையிலிருந்து கடை ரசீதை எடுத்து மேசையில் வைத்தாள். ரிப்பேருக்குப் பெட்டியை வாங்கிக்கொண்டபோது உள்ளே இருந்ததையெல்லாம் வரிசையாக எழுதிக் கொடுத்த சீட்டு. மூன்றாவது வரியில் கார்டின் பெயரும் இரண்டு ஜிபி என்றும் தெளிவாக இருந்தது.

"இது உன் கடச் சீட்டுதான?"

நவநீதன் சீட்டைப் பார்த்தான். "பொண்ணு தப்பா எழுதியிருக்கும்" என்றான்.

அனுப்பிரியா தலையைத் தூக்கினாள். சீட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். பிறகு, "இல்லண்ணா" என்றாள். "மூடியக் கழட்டிப் பாத்துட்டுதான் எழுதுனேன். செவப்பு ஃபேன் கார்டு. நீங்கதான் அன்னிக்கு அத்த உள்ள எடுத்துட்டுப் போனீங்க."

ரிப்பேருக்கு வந்திருந்த ஒருவர் தன் லேப்டாப்பைப் பையோடு மெல்ல இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நவநீதன் உள் அறைக்குப் போனான். ஒரு பெட்டியின் மூடியைத் திருகி எடுக்கும் சத்தம் கேட்டது. சிவப்பு விசிறிக் கார்டோடு வெளியே வந்தான்.

"யாரு மெஷின்ல இருந்துச்சு?" என்று கேட்டாள் செல்வகுமாரி.

"என்னுதுலதான்" என்றான், தரையைப் பார்த்தபடி. "லீவு நாள்ல கொஞ்சம் கேமு வெளாடுவேன். என் கார்டு கெட்டுப் போச்சு. அக்காவுக்கு எங்க தெரியப் போவுதுன்னு..."

"நீ வெளாடுனா வெளாட்டு. நான் வெளாடுனா இந்த வயசுல இன்னாத்துக்கு? உன் கெட்டுப்போன கார்ட எனக்குப் போட்டுட்டு, என் கேம பழசுன்னு சொல்லிருக்க. மூணு வாரம் என்னை முட்டாளாக்கி ஒக்கார வச்சிருக்க!"

"மன்னிச்சிடுங்கண்ணே" என்றான் அவன், அரங்கநாதனிடம்.

அரங்கநாதன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "எங்கிட்ட ஏன்டா கேக்கற? அவங்களாண்ட கேளு."

கேட்டான். வேண்டாவெறுப்பாகத்தான் கேட்டான். கார்டை மாட்ட வைத்து, அங்கேயே விளையாட்டைத் திறந்து, அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் செல்வகுமாரி எழுந்தாள். தண்டவாளங்கள் எல்லாம் சரியாகத் தெரிந்தன.

திரும்பும் வழியில் அரங்கநாதன், "நானும் சிரிச்சிருக்கக் கூடாது" என்றார். "ஆமா, கூடாது" என்றாள்.

புதன்கிழமை அனுப்பிரியா போன் செய்தாள். நவநீதன் அவளை வேலையைவிட்டு நிறுத்திவிட்டானாம். "பரவால்லக்கா, வேற எடம் பாத்துக்கறேன்" என்றாள். குரலைக் கேட்டால் பரவாயில்லை என்று தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் செல்வகுமாரி தன் கம்பெனியின் பரிசோதனைப் பிரிவு மேலாளரிடம் அனுப்பிரியாவைப் பற்றிப் பேசினாள். பார்த்ததைப் பார்த்தபடி எழுதும் பெண் என்றாள். அடுத்த வாரம் வரச்சொல்லுங்கள் என்றார் அவர். பஸ்ஸில் திரும்பும்போதும் அவளுக்கு ஆறவில்லை. செல்லை எடுத்து, நவநீதன் கடையைப் பற்றி வாடிக்கையாளர்கள் கருத்து எழுதும் பக்கத்தைத் திறந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் படித்துக் காட்டினாள்.

"உன் பேரு போடாம எழுதலாமில்ல?" என்றார் அவர். "நாளைக்கு கடத்தெருவுல பாக்க வேண்டிய ஆளு."

"தப்பு பண்ணது அவன். நான் ஏன் என் பேர ஒளிக்கணும்?" என்றாள். கீழே தன் முழுப்பெயரையும் ஊரையும் சேர்த்துப் பதிவேற்றினாள்.