கறுப்பிக்கு வைத்த மான்கால்

எங்கள் வீட்டுக்கு நாய் வந்தது என்னைக் கேட்டு அல்ல. கேட்டிருந்தால், ஒரு கோழியை வளர்த்தாலும் முட்டையாவது மிஞ்சும் என்று சொல்லியிருப்பேன். ஆனால் அப்போது என்னிடம் எதையும் கேட்கிற நிலையில் என் மனுசன் எட்வேட் இல்லை. கதைக்கிறதையே விட்டிருந்தார்.

அவர் ஒரு களஞ்சியத்தில் பாரம் தூக்கும் ட்ரக் ஓடியவர். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு மார்கழியில், அவர் பின்னுக்கு எடுத்த ட்ரக்கில் கூட வேலை செய்த ஒருவர் அகப்பட்டுச் செத்துப்போனார். பொலிஸ் வந்து, விசாரணை நடந்து, எட்வேட்டில் பிழையில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்து என்ன? மனுசன் வீட்டுக்கு வந்து சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். கூப்பிட்டால் எழும்பிச் சாப்பிடுவார். திரும்பவும் படுப்பார். டொக்டர் கதைத்துப் பார்த்தார், இந்த நாட்டு அரசாங்கத்தின் உதவிப்பணம் பார்க்கிற நாவ் அலுவலகத்தில் ஒரு பிள்ளை நல்ல மாதிரிக் கதைத்துப் பார்த்தது, பாதரும் வந்து செபம் சொல்லிப் பார்த்தார். நான் ஏசிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது அதுதானே!

ஒரு நாள் குளியலறை அலுமாரியைத் துடைக்கும்போது, அவர் போடாமல் சேர்த்து வைத்திருந்த நித்திரைக் குளிசைகளைக் கண்டேன். எண்பதுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றையும் கக்கூசில் கொட்டித் தண்ணீரை இழுத்துவிட்டு, நிலத்தில் இருந்து அழுதேன். அன்றிலிருந்து, வேலையால் வந்து கதவைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் முதலில் அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பேன்.

அடுத்த ஆனி மாதம், அவரோடு முன்பு வேலை செய்த தோர்ஸ்தைன் ஒரு நாய்க்குட்டியோடு வந்தான். ஐந்து மாதக் குட்டி. முதுகு கறுப்பு, கால்கள் மண்ணிறம், காதுகள் தொங்கிக்கொண்டு. தோர்ஸ்தைன் ஆட்கள் ஒரு வேட்டைக் குழு. மாசியிலும் பங்குனியிலும், இங்கே கௌப்ப என்று சொல்கிற பெரிய காட்டுப்பூனையை வேட்டையாடுவார்கள். காதில் கறுப்புக் குஞ்சம், மொட்டை வால், நெஞ்சு உயரப் பனியிலும் சத்தமில்லாமல் போகிற சாதி அது. அதன் தடத்தைப் பிடித்துக் குலைத்துக்கொண்டு போக ஒரு நாய் வேண்டும். தன் நாய்க்கு வயது போய்விட்டது, தனக்கு முழங்கால் சரியில்லை, இந்தக் குட்டியை நீதான் பழக்கித் தரவேண்டும் என்று எட்வேட்டிடம் கேட்டான். மனுசன் சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தார். குட்டி போய் அவருடைய சப்பாத்துக்குள் மூத்திரம் பெய்தது.

"ஐயோ, கண்டறியாத நாய்!" என்று நான் கத்தினேன்.

எட்வேட் எழும்பி வந்து சப்பாத்தைக் கழுவினார். பிறகு குட்டியைத் தூக்கி மடியில் வைத்தார்.

கறுப்பி என்று பெயர் வைத்தார். விடியவிடிய எழும்பி லோரன்ஸ்கூக் காட்டுக்கு அதைக் கூட்டிக்கொண்டு போவார். தோர்ஸ்தைன் கொடுத்த கௌப்பத் தோலில் ஒரு துண்டைக் கயிற்றில் கட்டி, நிலத்தில் இழுத்துக்கொண்டு போய் மரத்தில் ஏற்றிக் கட்டுவார். கறுப்பி மணம் பிடித்துப் போய், மரத்தின் கீழே நின்று குலைத்தால் ஒரு துண்டு சொசேஜ். மான் தடத்தில் மூக்கை வைத்தாலோ "ஃபி!" என்று ஒரு அதட்டல், பட்டியைப் பிடித்து ஒரு இழுவை. மானைக் கலைக்கிற நாய் எங்களுக்கு வேண்டவே வேண்டாம் என்று தோர்ஸ்தைன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். மாசியில் மான்கள் வயிற்றில் குட்டியோடு நிற்குமாம், பனியில் ஓட முடியாமல் செத்துப்போகுமாம்.

ஐப்பசியளவில் எட்வேட் வாய் திறந்தார். "இண்டைக்கு மூண்டு மான் குறுக்கை போனது, கொறற்றி. இவள் திரும்பியும் பாக்கேல்லை" என்றார். சோற்றுக் கோப்பையோடு நான் அப்படியே நின்றேன். பத்து மாதத்துக்குப் பிறகு என் பெயரைச் சொல்லி ஒரு முழு வசனம்! மாதாவே என்று மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டு, "பெரிய கெட்டித்தனம், உங்கடை நாயின்ரை கதையைக் கேக்கத்தான் நான் இருக்கிறன்" என்று வெளியில் சொன்னேன். அவர் சிரித்தார்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

அந்த இலையுதிர்காலத்தில் வேட்டைக் குழு மான் சுட்டபோதெல்லாம், அவர்கள் எறிகிற கால்களை நான் கேட்டு வாங்கினேன். தோலும் குளம்புமாக அப்படியே தருவார்கள். மயிரை நெருப்பில் வாட்டிச் சுரண்டி, மிளகு சீரகம் தட்டிப் போட்டுச் சூப் வைத்தால் மனுசனின் உடம்பு தேறும் என்று நினைத்தேன். பாதியை வைத்தேன். மிச்சம் இருபது கால்கள் ஆழக்குளிர்ப் பெட்டியில் உறைந்து கிடந்தன. அதற்குள் விபூதிப் புதன் வந்துவிட்டது. அந்த வருசம் மாசி ஆறாம் தேதியே தவக்காலம் தொடங்கியது. எங்கள் வீட்டில் உயிர்த்த ஞாயிறு வரைக்கும் மச்சம் மாமிசம் இல்லை, அது எங்கள் ஊரான ஊர்காவற்றுறையில் இருந்தே வருகிற வழக்கம். ஆழக்குளிரைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கால்கள் என்னைப் பார்த்தன. எறியவும் மனமில்லை.

இந்த நாயோ விலா எலும்பு தெரிய நிற்கிறது. எட்வேட் அதற்குக் காய்ந்த தீனை ஒரு கோப்பையால் அளந்துதான் போடுவார். அந்த அளவுக்கு மேலே ஒரு துண்டும் கொடுக்கக் கூடாது என்று எனக்குக் கட்டளை. வாயில்லாச் சீவன், நோன்பு எங்களுக்குத்தானே, அதற்கு என்ன நோன்பு? மானைக் கலைக்கக் கூடாது என்றால் தின்னவும் கூடாது என்றா அர்த்தம்? அப்படித்தான் என் மூளை வேலை செய்தது.

ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் துப்புரவு வேலை முடித்து இரண்டு மணிக்கு வருவேன். அந்த நேரம் எட்வேட் கண்ணயர்ந்திருப்பார். கறுப்பியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போவேன். முதல் நாள் ஒரு காலைக் கையிலேயே கொடுத்தேன். இரண்டாம் நாள், யன்னலால் அவர் கண்டுவிடுவார் என்ற பயத்தில் பனிக்குள் தாட்டு வைத்தேன். மூன்றாம் நாள் இன்னும் தள்ளி, காட்டுக் கரையில், இரண்டு மரங்களுக்கு அப்பால். கறுப்பி மூக்கைப் பனியில் வைத்துக்கொண்டு, வால் சுழலச் சுழலத் தேடிக் கண்டுபிடிக்கும். கண்டுபிடித்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு குலை. "அடி கள்ளி!" என்று வாய்விட்டுச் சிரித்தேன். நான் அப்படிச் சிரித்து எத்தனை காலம்! ஒவ்வொரு நாளும் வேலையில் இரண்டு மணி எப்போது ஆகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன கொறற்றி, கண்டறியாத நாயோடை உலாத்துறீர்?" என்று ஒரு நாள் எட்வேட் பகிடியாகக் கேட்டார்.

"கால் விறைச்சுப் போகுது, நடந்தால் நல்லதாம்" என்றேன்.

பதினாறு நாள். பதினாறு கால்.

மாசி இருபத்துமூன்று, சனிக்கிழமை காலை, தோர்ஸ்தைன் போன் எடுத்தான். இரவு புதுப் பனி விழுந்திருக்கிறது, லில்லெஸ்ட்ரோமுக்கு அப்பால் காட்டில் கௌப்பத் தடம் கிடைத்திருக்கிறது, தன் கிழட்டு நாய் நொண்டுகிறது, கறுப்பியைக் கொண்டுவா என்றான். எட்வேட் போனைக் காதில் வைத்தபடி கறுப்பியைப் பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு "யா" என்று சம்மதித்தார். பாணும் கட்டைச் சம்பலும் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். நன்றாகக் குலைக்கவேண்டும் என்று கறுப்பியின் நெற்றியில் சிலுவையும் போட்டேன்.

பின்னேரம் மூன்று மணிக்கு வாசலில் தோர்ஸ்தைனின் வான் நின்றது. எட்வேட் இறங்கி, என்னைப் பார்க்காமல் உள்ளே போனார். அவர் கையில் கழுத்துப்பட்டி மட்டும் இருந்தது. வானின் பின்பக்கத்தில் தறப்பாளில் எதையோ சுற்றி வைத்திருந்தார்கள்.

நடந்ததைத் தோர்ஸ்தைன்தான் வாசலில் நின்று சொன்னான். அரை மணித்தியாலம் கறுப்பி கௌப்பத் தடத்தில் அழகாகப் போனதாம். பள்ளத்தாக்கு முழுக்க அதன் குரல் கேட்டதாம். இடையில் மூன்று மான்கள் குறுக்கே பாய்ந்தன. அது தடத்தை விட்டுவிட்டு மான்களின் பின்னால் திரும்பியது. கூப்பிடக் கூப்பிட நிற்கவில்லை. மான்கள் ரெயில் வருமுன் பாதையைத் தாண்டிவிட்டன, இது தாண்டவில்லை. "ஒருநாளும் மானைத் திரும்பிப் பார்க்காத நாய். ஏன் என்று எனக்கு விளங்கவே இல்லை" என்றான்.

எனக்கு விளங்கியது. எட்வேட் எட்டு மாதமாகப் பழக்கியதை நான் பதினாறு நாளில் மாற்றிப் பழக்கியிருந்தேன். மானைத் தேடு, கண்டுபிடி, உனக்குத்தான். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே மனுசன் பழைய இடத்தில், பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"நான்தான் அவிட்டுவிட்டனான்" என்றார். அவ்வளவுதான்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழும்பவில்லை. நான் குளியலறை அலுமாரியை மணிக்கு ஒருதரம் திறந்து பார்த்தேன். அந்த ட்ரக்கும் இந்த நாயும் அவருக்குள் ஒன்றாகப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். பாதரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யலாம், அவர் மன்னிப்பும் தருவார். ஆனால் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறவர் பாதர் இல்லையே. உண்மையைச் சொன்னால் என்னை வெறுப்பார், வெறுத்தாலும் எழும்புவார் என்று கணக்குப் போட்டேன். புதன்கிழமை சோபாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன்.

"இஞ்சேருங்கோ. பிழை உங்களிலை இல்லை. நான்தான் மான்கால் குடுத்தனான். ஒவ்வொரு நாளும். பனிக்குள்ளை தாட்டு வைச்சு, தேட விட்டுக் குடுத்தனான்."

அவர் அசையவில்லை.

"கேக்குதே? நான்தான் எண்டுறன்! ஏசுங்கோவன்!"

"தெரியும்" என்றார் சுவரைப் பார்த்தபடி.

"என்ன தெரியும்?"

"நாயின்ரை பீயிலை மான் மயிர் கிடந்தது. பிறகு ஒருநாள் யன்னலாலை பாத்தனான்."

"தெரிஞ்சுகொண்டு ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"நீர் சிரிச்சுக்கொண்டு நிண்டனீர், கொறற்றி. நான் இப்பிடிப் படுத்த நாளிலையிருந்து நீர் சிரிக்கேல்லை. நாயை இன்னொருக்கால் பழக்கலாம் எண்டு நினைச்சன்."

"அப்ப சனிக்கிழமை ஏன் அவிட்டு விட்டனீங்கள்?"

"அவன் கேட்டான். ஏலாதெண்டால் காரணம் சொல்லவேணும். உம்மைச் சொல்லவேணும்." போர்வையின் கரையை விரலால் சுருட்டினார். "ஒரு நாளிலை ஒண்டும் நடவாது எண்டு நினைச்சன்."

அந்த நாய் அவரைக் காப்பாற்றுகிறது என்று நான் நினைத்திருந்தேன். அவர் அது என்னைக் காப்பாற்றுகிறது என்று நினைத்திருக்கிறார். அவருக்காவது பிழையில்லை என்று ஒருமுறை பொலிஸ் எழுதிக் கொடுத்தது. எனக்கு யார் எழுதித் தருவார்கள்?

ஆழக்குளிரில் இன்னும் நாலு கால்கள் கிடக்கின்றன. எறியவில்லை, சமைக்கவும் இல்லை. அன்று நான் அவரை ஏசவில்லை, எழும்பச் சொல்லவும் இல்லை. போர்வையை இழுத்து இரண்டு பேருக்குமாகப் போட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் நானும் சுவரைப் பார்த்துப் படுத்தேன்.