இடுப்புப்பட்டியின் உள்பக்கம்

என் அண்ணன் நீக்கிலாப்பிள்ளை ஒரு நாளைக்கு இருபது சொல்லுக்கு மேல் பேசுவதில்லை. அதில் பத்து, எதற்கும் தலையாட்டிச் சொல்லும் "ஓம்". மீதிப் பத்தை மொன்றியலின் ஜான்-டலோன் சந்தையில், அவர் வேலை செய்யும் மரக்கறிக் கடையில் செலவழித்துவிட்டு வருவார். அண்ணி காலமாகி ஏழு வருடம். அதன்பிறகு பார்க் எக்ஸ்டென்சனில் இரண்டாம் மாடி வீட்டில் அவரும் நானும்தான். நான் கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம் நேரம் கிடைக்கவில்லை என்பேன். அவர்களும் நம்பியதுபோல் தலையாட்டுவார்கள்.

எனக்கு உடுப்புத் திருத்தும் கடையில் வேலை. காற்சட்டைக் கால் மடிப்பது, சட்டை ஒடுக்குவது. தைக்கப் பலபேர் இருக்கிறார்கள். தையலைப் பிரிப்பதில் என்னை அடிக்க ஆளில்லை. பிரித்த இடத்தில் திரும்பத் தைத்தால், பழைய துளைகளிலேயே ஊசி போகும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னால் தேவைப்படும். பெருமை என்றால் அது என் தலைமயிர். ஐம்பத்தேழு வயதில் இடுப்புவரை, கன்னங்கரேல் என்று. அந்தக் கறுப்பு ஒரு பெட்டியிலிருந்து வருகிறது என்பது ஆண்டவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

அண்ணையின் கடைக்கு எதிரே எவுசேபியாவின் மேசை. பெரு நாட்டில், மலைக்கு மேலே ஒரு பெரிய ஏரி, அதற்குள் ஒரு தீவு, அந்தத் தீவுக்காரி. கெச்சுவா சனம். அண்ணையின் வயதுதான் இருக்கும், புருசன் இல்லை. ஒவ்வொரு வருடமும் வெயில் காலத்துக்கு வந்து, மகளின் வீட்டில் தங்கி, குளிர் தொடங்கத் திரும்பிப் போவாள். மேசையில் நெய்த பைகள், பட்டிகள், சடையில் கட்டும் குஞ்சங்கள், கம்பளி நூலில் பின்னிய கவண்கள். மொன்றியலில் கவண் எறிந்து மேய்க்க யாரிடம் ஆடு இருக்கிறதென்று தெரியவில்லை, ஆனாலும் விற்பனையானது. தறியின் ஒரு முனையைக் கடைக் கம்பத்தில் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு, வருகிறவர்களுக்கு இருந்த இடத்திலிருந்தே பதில் சொல்லி நெய்வாள். மன்னாரில் எங்களுக்கு எவுசேபியு என்று ஒரு பெரியப்பா இருந்தார், ஆகவே பெயரில் நான் குற்றம் பிடிக்கவில்லை. அவளுக்கும் இடுப்புவரை இரண்டு சடை. அவற்றை மட்டும் நான் மனதுக்குள் மதித்தேன்.

செப்டெம்பரில் ஒரு நாள் வெங்காயம் வாங்கப் போனபோது பார்த்தால் சடைகளைக் காணவில்லை. கழுத்தோடு வெட்டியிருந்தாள். இந்த வயதில் நாகரிகம் கேட்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டு வெங்காயத்தை வாங்கி வந்தேன்.

அடுத்த கிழமை அண்ணை ஒரு இடுப்புப்பட்டியுடன் வந்தார். ஒரு சாண் அகலம், சிவப்பு, அதில் பறவையும் மீனும் நட்சத்திரமும் நெய்திருந்தது. பலகைபோல விறைப்பாக இருந்தது. பெட்டி தூக்கித் தூக்கி அவருடைய முதுகு போய்விட்டது. டொக்டர் கொடுத்த இறப்பர் பெல்ற் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

"முதுகுக்குக் கட்டுறது. எவுசேபியா தந்தவ," என்றார்.

நாலு சொல், நான் கேட்காமலே. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

பட்டி கட்டியபின் முதுகுவலி குறைந்தது. அதை நான் பொறுத்துக்கொண்டேன். ஆனால் சவரம் செய்யும்போது பாடத் தொடங்கினார். எங்கள் ஆட்களில் ஒருவர் அறுபத்திரண்டு வயதில் காரணமில்லாமல் பாடினால் ஒன்று வெறி, இல்லாவிட்டால் வசியம். அண்ணை குடிப்பதில்லை.

ஒரு சனிக்கிழமை அவர் குளிக்கப் போனதும் கதிரையில் கிடந்த பட்டியை எடுத்துப் பார்த்தேன். எந்தத் துணியையும் உள்பக்கம் திருப்பிப் பார்ப்பது என் தொழில். உள்ளே இன்னொரு துணி வைத்துத் தைத்திருந்தது, இரண்டுக்கும் நடுவில் ஏதோ தடிப்பாக இருந்தது. இரண்டு அங்குலம் பிரித்தேன். தலைமயிர். மனிதத் தலைமயிர், மெல்லிய கயிறாகப் பின்னி, வரிசை வரிசையாக அடுக்கியிருந்தது.

சோற்றுக்குள் மயிர் கிடந்தால் எடுத்து எறிந்துவிட்டுச் சாப்பிடலாம். ஆண் பிள்ளையின் இடுப்புக்கு ஒரு பெண் மயிர் வைத்துத் தைத்து அனுப்பினால் அதற்கு எங்கள் ஊரில் ஒரே ஒரு பெயர்தான். நான் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள், செய்வினையை நம்புவதில்லை. நம்பாதவர்களையும் அது விடுவதில்லை என்பதுதான் அதன் கெட்ட குணம்.

உண்மையைச் சொல்கிறேன். நான் பயந்தது பிசாசுக்கு இல்லை. அண்ணை எழும்பிப் போய்விட்டால் குசினி மேசையில் நான் தனியே இருந்து சாப்பிட வேண்டும். ஏழு வருடமாக எனக்கு இருந்த பயம் அது ஒன்றுதான். அதற்கு இப்போது கையில் பிடித்துப் பார்க்க ஒரு பொருள் கிடைத்துவிட்டது.

மறுநாள் தலையிடி என்று சொல்லிப் பூசைக்குப் போகாமல் நின்றேன். பதினொரு வருடத்தில் நான் விட்ட முதல் பூசை அது, அதுவும் செய்வினை எடுப்பதற்காக. கோயிலுக்கு அண்ணை பட்டி கட்டிப் போவதில்லை. நாற்பது நிமிடத்தில் முழுத் தையலையும் பிரித்து மயிரை எடுத்தேன். அதன் இடத்தில் குளிர்க் கோட்டுக்கு வைக்கும் பஞ்சுத் துணியை மடித்து வைத்து, பழைய துளைகளிலேயே தைத்து மூடினேன். நெய்தவளே பார்த்தாலும் கண்டுபிடிக்க மாட்டாள்.

இப்படியானதை ஓடுகிற தண்ணீரில்தான் விடவேண்டும். அஹுன்ட்சிக் பக்கம் ஆற்றங்கரைக்கு பஸ் எடுத்துப் போய், மடு மாதா கோயிலிலிருந்து வந்த தீர்த்தப் போத்தலைத் திறந்து தெளித்து, விசுவாசப் பிரமாணம் சொல்லி, கடுதாசிப் பையிலிருந்து ஆற்றில் கொட்டினேன். ஓடிக்கொண்டிருந்த ஒரு மனிதர் நின்று, வாத்துகளுக்குத் தீனி போடக்கூடாது மடாம் என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுத் திரும்ப ஓடினார். வாத்துகள் வந்து பார்த்துவிட்டு விலகிப் போயின. வாத்தே தொடவில்லை என்றால் வேறு என்ன சாட்சி வேண்டும். அண்ணை பூசை முடிந்து, மண்டபத்தில் தேத்தண்ணி குடித்து வருவதற்குள் நான் சோற்றை வடித்துவிட்டேன்.

புதன்கிழமை அவர் பாதியாக வளைந்து வந்தார். பட்டி கையில் ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் இருந்தது. சாப்பிடவில்லை. நான் இரண்டு தரம் கேட்டேன், மூன்றாம் தரம் கேட்காமலே சொன்னார்.

பூசணிப் பெட்டி ஒன்றைத் தூக்கியபோது பட்டி மடிந்து முதுகு பிடித்துவிட்டதாம். எவுசேபியா ஓடிவந்து பட்டியை இறுக்கப் போனாளாம். கை வைத்ததும் நின்றுவிட்டாளாம். அமத்திப் பார்த்தாளாம். அவளுடைய தீவில், ஒருவனைக் கட்டச் சம்மதித்த பெண் தன் சடையை வெட்டிப் பின்னி அவனுடைய பட்டிக்குள் வைப்பாள், அவன் சுமக்கிற சுமையில் பாதியை அது தாங்கும். சம்மதமில்லாவிட்டால் அவன் மயிரை எடுத்துவிடுவான். வாயால் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

"நான் எடுக்கேல்லை, அக்னெஸ்," என்றார் அண்ணை. "எடுக்கேல்லை எண்டு சொன்னன், அவ நம்பேல்லை. நான்தான் அவவைக் கேட்டனான், வாற சித்திரைக்குக் கலியாணம் எழுதுவம் எண்டு. உனக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல் இருந்தனான். மாத முடிவில போறாவாம். இனி வரமாட்டாவாம்."

இருபதை எப்போதோ தாண்டிவிட்டார். அவர் என்னைப் பார்த்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வீட்டில் இரண்டே பேர், அதில் ஒருவர் எடுக்கவில்லை. மிச்சம் யார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அப்படி என்னை நம்பியிருந்தார்.

நான் விரும்பியதெல்லாம் நடந்துவிட்டது. இனி வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், அவள் போய்விடுவாள், அண்ணை என்னோடு இருப்பார். மூன்று நாள் மூடிக்கொண்டுதான் இருந்தேன். மேசையில் இரண்டு பேரும் இருந்தோம். அவர் கோப்பையில் கைவைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். அதைவிடத் தனியே இருந்து சாப்பிடுவது எவ்வளவோ மேல் என்று மூன்றாம் நாள் எனக்கு விளங்கியது.

சனிக்கிழமை பட்டியை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். எவுசேபியா மேசைக்கு மேலே கட்டியிருந்த படங்கை இறக்கிவிட்டுச் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். என் பிரெஞ்சு காற்சட்டைக் கால் நீளம் கேட்க மட்டும்தான் காணும், பாவசங்கீர்த்தனத்துக்குக் காணாது. தையல் பிரிக்கும் ஊசியை எடுத்து, பட்டியைத் தொட்டு, என் நெஞ்சைத் தொட்டேன். நான், அவர் இல்லை, நான் என்று மூன்று தரம் சொன்னேன்.

அவள் பட்டியைத் திருப்பித் தையலை நெடுநேரம் பார்த்தாள். தையல் நன்றாக இருக்கிறது என்றாள். அது எனக்கும் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் கேட்க வெட்கமாக இருந்தது. மயிர் எங்கே என்றாள். ஆறு இருக்கும் திசையைக் காட்டினேன். ஏன் என்றாள். செய்வினைக்குப் பிரெஞ்சில் என்ன சொல்வார்கள் என்று தெரியாது. பயம் என்றேன். என்ன பயம் என்றாள். அவர் உங்களிடம் வந்துவிட்டால் நான் தனி என்று சொன்னேன், சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தேழு வயதில், குஞ்சங்களுக்கு நடுவில்.

அவள் தேற்றவில்லை. தன் கழுத்தைத் தொட்டு, இது வளர மூன்று வருடம் வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

கொண்டை ஊசிகளைக் கழற்றி என் சடையைக் கீழே விட்டேன். கைப்பையில் கத்தரிக்கோல் எப்போதும் இருக்கும். அதை எடுத்ததும் அவள் என் கையைப் பிடித்தாள். சடையை முழுவதும் தடவிப் பார்த்தாள், பிறகு மணந்தாள். சாயமா என்றாள். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன. ஓம் என்றேன். ஒரு மயிரைப் பிடுங்கி இரண்டு விரலிலும் சுற்றி இழுத்தாள். அறவில்லை. நிறம் உள்ளேதானே இருக்கப்போகிறது என்றாள்.

சகோதரியின் மயிரை வைக்க உங்கள் தீவில் சம்மதிப்பார்களா என்று கேட்டேன். தீவு தூரத்தில் இருக்கிறது என்றாள்.

மூன்று வெட்டு. முப்பது வருடம் வளர்த்தது. தலை மட்டும் இல்லை, கால்கூட இலேசானதுபோல் இருந்தது. அவள் தன் பிடரியிலும் கிடைத்த வரைக்கும் வெட்டி எடுத்து, கறுப்போடு நரையைக் கலந்து பின்னத் தொடங்கினாள். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் இருந்தேன். எதிரே அண்ணை எங்கள் இருவரையும் பார்த்தபடி ஒரே வெங்காயத்தை மூன்று தரம் தராசில் நிறுத்தார். வாங்க வந்த பெண் சகித்துக்கொண்டு நின்றாள்.

அண்ணையைக் கூப்பிட்டு அவருக்கும் சொன்னேன், ஒன்றையும் மறைக்காமல், வாத்துகள் உட்பட. அவர் என் கழுத்தைப் பார்த்தார். எவுசேபியாவின் கழுத்தைப் பார்த்தார்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்," என்று மட்டும் சொல்லிவிட்டு வெங்காயத்திடம் போனார். அதைவிடக் கூடத் திட்டியிருக்கலாம்.

பட்டியை நானே தைத்து மூடினேன், அதே துளைகளில். எவுசேபியா பக்கத்தில் நின்று ஒவ்வொரு தையலாகப் பார்த்தாள். கடை பூட்டும் நேரம் அதை அண்ணையின் இடுப்பில் சுற்றி, காலை உதைத்துக்கொண்டு இழுத்து இறுக்கினாள். அவர் குனிந்து பூசணிப் பெட்டியைத் தூக்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, இறக்கினார்.

"முந்தினதிலும் பாக்க இறுக்கமாக் கிடக்கு," என்றார்.

"முந்தி ஒராள்தானே பிடிச்சது," என்றேன். "இப்ப ரெண்டு பேர்."

அண்ணை யோசித்துப் பார்த்துவிட்டு, "ஓம்" என்றார்.